பீரோவில் வைத்த ஸ்கேன் பேப்பர்

(எங்கள் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மகளிர் உடல்நல அமர்வில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. இந்த மைக் முன்னாடி நிக்கிறது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை, குழுக் கடன்ல கறவை மாடு வாங்கினதைப் பத்திப் பேசினேன். கை தட்டினீங்க. இன்னைக்குப் பேசப் போறது நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி. தலைவி அக்கா என்கிட்ட, "கல்லீரலும் இதயமும்னு ஒரு தலைப்பு, நீதான் பேசணும்"னு சொன்னப்போ, "டாக்டர் அம்மா இருக்காங்களே, அவங்க பேசட்டும்"னு சொன்னேன். "டாக்டர் சொன்னா கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீ சொன்னா வீட்டுக்குப் போயி பீரோவைத் திறந்து பார்ப்பாங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதனால நிக்கிறேன். நான் சொல்றதுல தப்பு இருந்தா டாக்டர் அம்மா இங்கேயே திருத்திடுங்க.

எங்க வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி ஏத்திக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கேரளாவுக்குப் போவாரு. தூக்கம் வராம இருக்க வழி நெடுக டீ. ராத்திரி சாப்பாடு பரோட்டா, சால்னா. காலையில வீட்டுக்கு வந்து ஒரு தட்டு நிறைய சோறு சாப்பிட்டுட்டுப் படுத்துடுவாரு. பீடி சிகரெட் கிடையாது. குடி கிடையாது. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, குடி கிடையாது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே ஒரு மாதிரி பாரமா இருக்குன்னு சொன்னாரு. கல் ஏதாவது இருக்குமோன்னு டவுன்ல ஒரு இடத்துல ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. பேப்பர்ல இங்கிலீஷ்ல எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். 'ஃபேட்டி லிவர், கிரேடு 2.' அங்கே இருந்தவர்கிட்ட கேட்டதுக்கு, "இது இப்போ எல்லாருக்கும் வர்றதும்மா, எண்ணெயைக் குறைங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. டாக்டர்கிட்ட காட்டணும்னு அவரும் சொல்லலை, எங்களுக்கும் தோணலை.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை 'லிவர்'. எங்க பெரியப்பா குடிச்சுக் குடிச்சு லிவர் கெட்டுத்தான் இறந்தாரு. நம்ம ஊர்ல லிவர்னா குடிதானே? பஸ்ல வரும்போது நான் அவர் முகத்தையே பார்க்கலை. வீட்டுக்கு வந்ததும், "கேரளா லோடுன்னு சொல்லிட்டு ராத்திரியில என்ன பண்றீங்க?"ன்னு கேட்டுட்டேன். அவர் பதிலே பேசலை. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவர் வண்டியை நிறுத்திட்டு வரும்போது சட்டையை வாங்கித் துவைக்கிற சாக்குல மோந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் என் முகத்துக்கு நேரா வந்து வாயால ஊதிக் காட்டிட்டு, "போதுமா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. வெறும் டீ வாசனைதான்.

அப்போ என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்த நேரம். அண்ணனுக்கு லிவர் வியாதின்னு வெளியே தெரிஞ்சா, குடிகாரக் குடும்பம்னு சம்பந்தம் தட்டிப் போகும்னு அத்தைக்குப் பயம். எனக்கும் பயம். அந்தப் பேப்பரை பீரோவுல என் கல்யாணப் புடவைக்கு அடியில வெச்சேன். நாத்தனார் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. பேப்பரை நான் மறந்தே போயிட்டேன்.

போன வருஷம் பங்குனி மாசம், ஒரு ராத்திரி பன்னெண்டு மணி இருக்கும். அன்னைக்கு அவருக்கு லோடு இல்லை. எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, "நெஞ்சு எரியுது, தாடை எல்லாம் இழுக்குது"ன்னு சொன்னாரு. சட்டை நனையிற அளவுக்கு வேர்வை. வாயுன்னு நினைச்சு ஓமத் தண்ணி கொடுத்தேன். பெருங்காயம் கரைச்சுக் கொடுத்தேன். அத்தை முதுகைத் தடவி விட்டாங்க. கொஞ்சம் பரவாயில்லைன்னாரு, மறுபடியும் வலின்னாரு. இப்படியே ரெண்டு மணி நேரம் போயிடுச்சு. அந்த ரெண்டு மணி நேரத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவுல ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு மாரடைப்புன்னு சொன்னாங்க. உடனே மூணு வகை மாத்திரையைக் கொடுத்து விழுங்க வெச்சாங்க. 'இதயம் காப்போம்' திட்டத்துல 2023-லயிருந்து கொடுக்கிற மாத்திரையாம் அது. ரத்தம் மேற்கொண்டு உறையாம இருக்க ரெண்டு வகை, கொழுப்புக்கு ஒரு வகை. அப்புறம் 108-ல ஏத்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினாங்க.

இந்த இடத்துல எங்க குழு ஊக்குநர் அக்காவைப் பத்திச் சொல்லணும். அந்த நேரத்துல என் கையில முந்நூறு ரூபாய்தான் இருந்துச்சு. அன்னைக்கு வசூலான சந்தாவும் கடன் தவணையும் எட்டாயிரம் ரூபாய், மறுநாள் வங்கியில கட்ட அக்கா வீட்டுல வெச்சிருந்தாங்க. ராத்திரி மூணு மணிக்கு அதை அப்படியே கொண்டாந்து என் கையில கொடுத்து, "முதல்ல வண்டியில ஏறு, தீர்மானம் அப்புறம் போட்டுக்கலாம்"னு சொன்னாங்க. அடுத்த கூட்டத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டு அதை உள்கடனா எழுதிக்கிட்டாங்க. அந்தக் கடன் இப்போ முடிஞ்சிடுச்சு. அந்த அக்காவுக்கு நான் பட்ட கடன் முடியாது.

ரத்தக் குழாய்ல ஸ்டென்ட் வெச்சாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல செலவு போச்சு. உயிர் பிழைச்சுட்டாரு. ஆனா ரெண்டு மணி நேரம் தாமதமானதால இதயத்துச் சதையில ஒரு பகுதி பலம் போயிடுச்சு. மூட்டை தூக்கக் கூடாது, ராத்திரி வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. வண்டியை வித்துட்டோம். இப்போ வாரச் சந்தையில காய்கறிக் கடை போட்டிருக்கோம். அவருக்கு வயசு 42 தான்.

வார்டுல இருந்தப்போ ஒரு டாக்டர், "இதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. எனக்கு அப்பத்தான் அந்தப் பேப்பர் ஞாபகம் வந்துச்சு. "ஒரு ஸ்கேன் எடுத்தோம் சார், ஆனா அது லிவர்ல, இதயத்துல இல்லை"ன்னு சொன்னேன். "பரவாயில்லை, கொண்டு வாங்க"ன்னாரு. பையனை விட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். புடவை மடிப்பு பட்டு நாலா மடங்கியிருந்த பேப்பரைப் பிரிச்சுப் பார்த்துட்டு அவர், "இதைக் காட்டியிருந்தா அன்னைக்கே ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்திருப்போமேம்மா"ன்னு சொன்னாரு. திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு எனக்கு. அப்போ எடுத்த டெஸ்ட்ல அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, ரத்தத்துல கொழுப்பும் ஏகத்துக்கு இருந்தது. எதுவும் எங்களுக்குத் தெரியாது.

கல்லீரலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு நான் அந்த டாக்டர்கிட்டயும், நம்ம டாக்டர் அம்மாகிட்டயும், நர்ஸ் சிஸ்டர்கிட்டயும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குப் புரிஞ்ச மாதிரி உங்களுக்குச் சொல்றேன்.

நம்ம பாட்டி வீட்டுல மண் குதிர் இருந்திருக்கும். அறுப்பு முடிஞ்சா நெல்லை அதுல கொட்டி வெப்பாங்க. கல்லீரலும் அப்படித்தான். நாம சாப்பிடுற சோறு, சர்க்கரை எல்லாம் செலவு போக மீந்ததைக் கொஞ்சம் அது சேமிச்சு வெச்சுக்கும். பசிக்கிற நேரத்துல எடுத்துக் கொடுக்கும். ஆனா அதுக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல வர்ற சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பா மாத்திடும். கொழுப்பை வெக்கிறதுக்குத் தோலுக்கு அடியில இடம் இருக்கு. அந்த இடமும் நிரம்பிப் போச்சுன்னா? குதிர் நிரம்பினா மூட்டையைத் திண்ணையில, படுக்கிற இடத்துல, அடுப்படியிலன்னு அடுக்குவோமில்லையா, அந்த மாதிரி வயித்துக்குள்ளேயும் கல்லீரலுக்குள்ளேயும் கொழுப்பு போய்ச் சேருது. கல்லீரல்ல 5 சதவீதத்துக்கு மேல கொழுப்பு இருந்தா அதைத்தான் கொழுப்புக் கல்லீரல்னு சொல்றாங்க. நம்ம நாட்டுக்காரங்க பல பேருக்கு அந்தக் குதிரே சின்னதாம். அதனால ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வயிறு மட்டும் முன்னாடி வந்து இந்த வியாதி வருது.

கொழுப்பு ஏறின கல்லீரல் சும்மா இருக்காது. அதுக்கு வேலை ரத்தத்துக்குள்ள பொருளை அனுப்புறது. அது என்னென்ன அனுப்புதுன்னு கேளுங்க.

முதலாவது, மிஞ்சின கொழுப்பை ரத்தத்துல ஏத்தி விடும். ட்ரைகிளிசரைடுன்னு டெஸ்ட்ல எழுதுவாங்களே, அது கூடும். நல்ல கொழுப்புன்னு சொல்றது குறையும். கெட்ட கொழுப்பு சின்னச் சின்னத் துகளா மாறி ரத்தக் குழாயோட சுவருக்குள்ள சுலபமா நுழைஞ்சு படியும்.

ரெண்டாவது, சர்க்கரை. இன்சுலின் சொல்ற பேச்சைக் கல்லீரல் கேக்காது. சாப்பாடு வந்த பிறகும் அது பாட்டுக்குச் சர்க்கரையைத் தயார் பண்ணி ரத்தத்துல விடும். இப்படித்தான் சர்க்கரை வியாதி வருது.

மூணாவது, கல்லீரல்ல ஒரு அழற்சி, புகைஞ்சுக்கிட்டே இருக்கிற அடுப்பு மாதிரி. அந்தப் புகை ரத்தம் வழியா உடம்பு பூரா போய் ரத்தக் குழாயோட உள் சுவரைப் புண்ணாக்குது. ரத்தம் சீக்கிரம் உறையிற தன்மையும் கூடுது.

இந்த எல்லாம் போய்ச் சேர்ற இடம் இதயத்துக்குப் போற ரத்தக் குழாய். அது மூணு மில்லிமீட்டர், நாலு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்குமாம். அதுல சுவர் தடிச்சு, ஒரு நாள் ரத்தம் உறைஞ்சு அடைச்சா மாரடைப்பு.

ஒரு விஷயத்தை டாக்டர் சொன்னப்போ நான் நம்பவே இல்லை. கொழுப்புக் கல்லீரல் இருக்கிறவங்கள்ல, கல்லீரல் கெட்டுப் போய் இறக்கிறவங்களைவிட இதய நோயால இறக்கிறவங்கதான் அதிகமாம். நாம கல்லீரல் பேப்பரை வெச்சுக்கிட்டு மஞ்சக் காமாலை வருமா, வயிறு வீங்குமான்னு பார்த்துக்கிட்டிருப்போம். அது பின்வாசல் வழியா நெஞ்சுக்குப் போயிருக்கும்.

ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்னும் டாக்டர் அம்மா சொன்னாங்க. அதிக மாவுச்சத்து, அதிகச் சர்க்கரை, உட்கார்ந்தே வேலை, தொப்பை. இதே வேர்ல இருந்துதான் சர்க்கரையும் பிரஷரும் இதய நோயும் வளருது. இந்தக் காரணத்தாலதான் நம்ம மத்திய அரசு 2021-ல கொழுப்புக் கல்லீரலையும், சர்க்கரை, இதய நோய், பக்கவாதம் இதுக்கெல்லாம் இருக்கிற அதே தேசியத் திட்டத்துல சேர்த்தாங்க. 2023-ல உலக அளவுல டாக்டருங்க எல்லாம் கூடி இந்த வியாதியோட பேரையே மாத்திட்டாங்களாம். முன்னாடி 'மது சாராத கொழுப்புக் கல்லீரல்'னு பேரு. குடிக்காதவங்களுக்கு வர்ற வியாதிக்குப் பேர்லயே மது எதுக்குன்னு எடுத்துட்டு, உடம்புல சத்து செரிமானமாகிச் செலவாகிற முறையில வர்ற கோளாறுன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சிருக்காங்க. அதைக் கேட்டப்போ எனக்கு அழுகை வந்துச்சு. அந்தப் பேரு முன்னாடியே மாறி, அது என் காதுக்கும் வந்திருந்தா, நான் அவர் சட்டையை மோந்து பார்த்திருக்க மாட்டேன்.

அதுக்காகக் குடிக்கிறவங்களுக்குக் கல்லீரல் கெடாதுன்னு நான் சொல்லலை. குடி கல்லீரலைக் கெடுக்கும், அதுல சந்தேகமே இல்லை. கொழுப்பு ஏறின கல்லீரல் இருக்கிறவர் குடிச்சா இன்னும் வேகமா கெடும். நான் சொல்றது, குடிக்காதவங்களுக்கும் வரும், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

பயப்படவும் வேண்டாம். கொழுப்புக் கல்லீரல் இருக்கிற எல்லாருக்கும் மாரடைப்பு வந்துடாது. அந்தப் பேப்பர் நமக்கு வங்கியில இருந்து வர்ற முதல் நோட்டீஸ் மாதிரி. முதல் தவணை தவறினதும் ஒரு கடிதம் வரும். அதை எடுத்துக்கிட்டு மேனேஜரைப் பார்த்தா தவணையை மாத்திக் கட்ட வழி சொல்லுவாங்க. உத்தரத்துல சொருகி வெச்சா வட்டி ஏறிக்கிட்டேதான் போகும். குழு நடத்துற நமக்கு இது தெரியாதா?

சரி, பேப்பர் வந்தா என்ன செய்யணும்? நாலு டெஸ்டைக் கேளுங்க. பிரஷர். வெறும் வயித்துல சர்க்கரை, கூடவே மூணு மாசச் சராசரிச் சர்க்கரை. ரத்தக் கொழுப்பு. அப்புறம் கல்லீரல் டெஸ்டும் தட்டணுவும். நம்ம வயசையும் இந்த ரெண்டு டெஸ்ட்ல வர்ற எண்ணையும் வெச்சுக் கணக்குப் போட்டு, கல்லீரல்ல தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு இருக்கான்னு டாக்டர் பார்ப்பாங்க. ஸ்கேன்ல எழுதுற கிரேடு 1, 2, 3 எல்லாம் கொழுப்பு எவ்வளவுன்னுதான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. கல்லீரல் டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் கொழுப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை. இதையும் மனசுல வெச்சுக்குங்க.

நம்ம ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரா வர்றது நம்ம குழுப் பெண்கள்தான். அவங்க வீட்டு வாசலுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறாங்க. அவங்க வரும்போது, "இப்போ அடுப்புல வேலையா இருக்கேன், அப்புறம் வா"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. நானே அப்படித் திருப்பி அனுப்பினவ.

ஸ்கேன் எடுக்காதவங்க டெய்லர் டேப்பை எடுங்க. தொப்புள் மட்டத்துல, மூச்சை இழுத்துப் பிடிக்காம, இடுப்பை அளங்க. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொண்ணரை இஞ்சுக்கு மேல இருந்தா கவனிக்கணும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், முப்பத்தஞ்சரை இஞ்சு. கைகால் ஒல்லியா இருந்தாலும் இந்த அளவுதான்.

சாப்பாட்டுல முதல்ல சர்க்கரை. நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பாரு. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன் 5 கிராம்னு வெச்சா ஒரு நாளைக்கு 60 கிராம். மாசத்துக்கு 1,800 கிராம். டீயில மட்டும் ஒரு ஆளுக்கு ஒண்ணே முக்கால் கிலோவுக்கு மேல! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதாம். பிஸ்கட், மிக்சர், கலர் பாட்டில் எல்லாம் இதுக்கு மேல தனிக் கணக்கு. நாட்டுச் சர்க்கரை, வெல்லம்னு மாத்தினாலும் கல்லீரலுக்கு எல்லாம் ஒண்ணுதான். நாங்க ஒரேயடியா நிறுத்தலை. வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைச்சோம். இப்போ சர்க்கரை இல்லாத டீ பழகிடுச்சு.

அடுத்தது சோறு. சோத்தை விடச் சொல்லலை. தட்டுல பாதி காய், கீரை. கால் பாகம் பருப்போ, முட்டையோ, மீனோ, சுண்டலோ. மீதிக் கால் பாகம்தான் சோறு. சிறுதானியம் நல்லதுதான், ஆனா கம்பஞ்சோத்தை மூணு உருண்டை சாப்பிட்டா அதுவும் மாவுச்சத்துதான். முதல் மாசம் எங்க அத்தை, "என் பையனுக்குச் சோறு போடக் கணக்குப் பார்க்கிறா"ன்னு தெருவெல்லாம் சொன்னாங்க. டாக்டர் அம்மாகிட்ட அத்தையையும் கூட்டிட்டுப் போனேன். இப்போ அவங்களே கீரை ஆய்ஞ்சு வெக்கிறாங்க.

எடை குறையணும். 70 கிலோ இருக்கிறவங்க மூணரை கிலோ குறைச்சாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். அஞ்சுல இருந்து ஏழு கிலோ குறைச்சா கல்லீரல் அழற்சியும் தணியும்னு சொல்றாங்க. பட்டினி கிடந்து ஒரே மாசத்துல குறைக்கக் கூடாது, மெதுவாத்தான் குறையணும். நடை வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஒரு நாளைக்கு அரை மணி வீதம் அஞ்சு நாள். "நாள் பூரா நாங்க வேலைதானே செய்யுறோம்"னு கேப்பீங்க. நானும் கேட்டேன். மூச்சு கொஞ்சம் வேகமா வாங்கணும், பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேணும்னு சிஸ்டர் சொன்னாங்க. சாமான் கழுவுறதுல அந்த வேகம் வராது.

மாத்திரையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்குக் கொழுப்பு மாத்திரை கொடுத்தாங்க. சொந்தக்காரர் ஒருத்தர், "லிவர்ல கோளாறு இருக்கிறவங்க அந்த மாத்திரை சாப்பிட்டா லிவர் போயிடும்"னு சொல்லிட்டாரு. இவர் எனக்குத் தெரியாம ஒரு வாரம் நிறுத்திட்டாரு. டாக்டர் அம்மாகிட்ட கேட்டோம். கொழுப்புக் கல்லீரல் இருக்கிறவங்களும் அந்த மாத்திரையைச் சாப்பிடலாம், இதயத்தைக் காப்பாத்துறதே அதுதான், டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்க. அதே மாதிரி, லிவரைச் சுத்தம் பண்ணும்னு சொல்லி விக்கிற பொடி, சூரணம் எதையும் கேக்காம வாங்கிச் சாப்பிடாதீங்க. சிலது கல்லீரலையே கெடுத்துடுமாம்.

இப்போ நம்ம பெண்களைப் பத்தி. இதய நோய் ஆம்பளைங்க வியாதின்னு நினைக்கிறோம். மாதவிடாய் நின்ன பிறகு நமக்கும் கொழுப்புக் கல்லீரலும் இதய நோயும் கூடுது. கர்ப்பமா இருக்கும்போது சர்க்கரை வந்தவங்க, சினைப்பையில நீர்க்கட்டி இருக்கிறவங்க, இவங்களுக்கு இளம் வயசுலேயே வர வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி இருக்கலாம், ஆனா சில பேருக்கு அது பெருசா தெரியாது. மூச்சு வாங்கும், தாடை, முதுகு, தோள் வலிக்கும், குமட்டும், வேர்க்கும், காரணம் இல்லாத அசதி இருக்கும். வாயுன்னு சோடா குடிச்சுட்டுப் படுத்துடுவோம். அப்படி இருந்தா ஓமத் தண்ணி காய்ச்சாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க. ரெண்டு மணி நேரத்தை வீட்டுல விட்டவ சொல்றேன், கேளுங்க.

கடைசியா ஒண்ணு. அவர் ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு அந்தப் பீரோவை ஒழுங்கு பண்ணினேன். அதே புடவைக்கு அடியில இன்னொரு கவர் இருந்துச்சு. அது என்னோடது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மாதவிடாய்க் கோளாறுக்காக எடுத்த ஸ்கேன். கர்ப்பப்பையைப் பத்தி எழுதியிருந்ததை மட்டும் அன்னைக்குப் படிச்சிருந்தேன். மேல ஒரு வரி இருந்துச்சு. 'ஃபேட்டி லிவர், கிரேடு 1.' அவரைச் சந்தேகப்பட்டு நான் சட்டையை மோந்து பார்த்த நாள்ல எல்லாம் அதே வியாதி என் உடம்புல இருந்திருக்கு. நான் என்னைக்குக் குடிச்சேன்?

அந்தப் பேப்பரை அவர் கையில கொடுத்தேன். படிச்சுப் பார்த்துட்டு என் முகத்துக்கு நேரா வந்து, "எங்க, ஊது பார்க்கலாம்"னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அழுதோம். மறுநாள் நானும் போய் டெஸ்ட் எடுத்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. எடை நாலு கிலோ குறைச்சிருக்கேன். இன்னும் குறைக்கணும்.

எங்க குழுக் கூட்டத்துல இதைச் சொன்னப்போ, அடுத்த வாரமே மூணு பேர் அவங்கவங்க வீட்டுல இருந்து பழைய ஸ்கேன் பேப்பரை எடுத்துட்டு வந்தாங்க. மூணுலயும் அதே வரி. மூணு பேருமே குடும்பத்துல யார்கிட்டயும் சொல்லலை. ஒருத்தருக்கு பிரஷர் இருந்தது அப்பத்தான் தெரிஞ்சது, இப்போ மாத்திரை சாப்பிடுறாங்க. அதுக்கப்புறம் தீர்மானப் புத்தகத்துல எழுதினோம்: மாசத்துக்கு ஒரு கூட்டத்துல எடையும் இடுப்பளவும் எழுதுறது, கூட்டத்துல டீக்குச் சர்க்கரை போடாம, பிஸ்கட்டுக்குப் பதிலா சுண்டல் கொடுக்கிறது, வீட்டுல இருக்கிற ஸ்கேன் பேப்பரை எல்லாரும் எடுத்து டாக்டர்கிட்ட காட்டுறது. கூட்டமைப்புல இருக்கிற எல்லாக் குழுவும் இந்தத் தீர்மானத்தைப் போடணும்னு தலைவி அக்காவை இந்த மேடையில கேட்டுக்கிறேன்.

சேமிப்புப் புத்தகத்தையும் கடன் அட்டையையும் நாம பத்திரமா வெச்சு, கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துட்டு வந்து வரவு செலவு பார்க்கிறோம். நம்ம உடம்புப் பேப்பரை மட்டும் புடவைக்கு அடியில வெக்கிறோம். இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறங்க. உங்க வீட்டுக்காரர் பேப்பர், உங்க மாமனார் மாமியார் பேப்பர், உங்க அம்மா அப்பா பேப்பர் எல்லாத்தையும் பாருங்க. உங்களோடதை முதல்ல பாருங்க. லிவர்னு ஒரு வார்த்தை இருந்தா யாரையும் சந்தேகப்படாம, யாருக்கும் பயப்படாம, திங்கக்கிழமை காலையில அதைக் கையில எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. துணைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் வர்றேன்.